பருப்பு மூட்டையில் வந்த அணு

மருதானையில் மைசூர்ப் பருப்பு வாங்கும்போது விலை கேட்போம். உள்ளங்கையில் கொஞ்சம் பரப்பி, கல் கிடக்கிறதா, வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். எந்த நாட்டு மண்ணில் விளைந்தது என்று கேட்பவர் அரிது. கனடாவா, அவுஸ்திரேலியாவா, துருக்கியா என்பது மூட்டையின் மேல் அச்சடித்திருக்கும். கடைக்காரர் பருப்பைப் பெட்டியில் கொட்டியதும் அந்த விபரம் சாக்கோடு போய்விடும். எனக்கோ அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வியாகத் தெரிகிறது. அந்தப் பருப்பு மணிக்குள் மண்ணிலிருந்து ஏறிய ஒரு மூலகம் இருக்கிறது. ஒரு நாட்டுப் பருப்பில் இருப்பதைப்போல முப்பது மடங்கு இன்னொரு நாட்டுப் பருப்பில் இருக்கலாம். செலேனியம் என்பது அதன் பெயர். அது போதாத உடம்பில், அயடீன் உப்பைத் தவறாமல் போட்டுச் சமைத்தாலும் தைரொயிட் சுரப்பியின் வேலை நிறைவாக நடப்பதில்லை.

கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் புறப்படும் ஓர் அணுவைப் பின்தொடர்வோம். இன்று அந்த மாகாணத்தின் தென்பாதி கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் பிற்பகுதியில் வட அமெரிக்காவை நெடுக்காகப் பிளந்துகொண்டு ஓர் ஆழமற்ற கடல் கிடந்தது. அதன் அடியில் படிந்த சேறு களிப்பாறையாக இறுகியது. சேற்றோடு செலேனியமும் இறுகிக் கிடந்தது. பிற்பாடு பனிப்பாறைகள் அந்தப் பாறையை அரைத்து நிலமெங்கும் பரப்பின. மழை குறைந்த, காரத்தன்மையுள்ள மண்ணில் செலேனியம் நீரில் கரையும் வடிவில் இருக்கும். செடியின் வேருக்கு அதையும் கந்தகத்தையும் பிரித்தறியத் தெரியாது. கந்தகம் நுழையும் வாசலாலேயே அதுவும் நுழைந்து, கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, செலேனோமெதியோனைன் என்ற அமினோ அமிலமாகி விதையின் புரதத்துக்குள் போய்ச் சேர்கிறது. பருப்பு புரதம் நிறைந்த விதை. ஆகவே சேமிப்பும் அதிகம்.

இதே சமவெளியின் தென்பகுதியில், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், 1930களில் இந்த மூலகத்துக்குக் கிடைத்த பெயர் நஞ்சு. மேய்ந்த மாடுகளின் குளம்பு கழன்றது, குதிரைகளின் வால்மயிர் உதிர்ந்தது. புல்லில் செலேனியம் மிகுந்ததே காரணம் என்று தெரியவந்தது. சுவீடன் இரசாயனவியலாளர் பெர்சீலியஸ் 1817இல் கந்தக அமிலத் தொழிற்சாலையின் அடிமண்டியில் இதைக் கண்டெடுத்த நாளிலிருந்து நூற்று நாற்பது வருடம், விலங்குகளின் உடம்புக்கு இதனால் நன்மை உண்டு என்று எவரும் காட்டவில்லை. 1957இல்தான் கிளவுஸ் ஷ்வார்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் எலிகளின் ஈரல் அழுகலைத் தடுக்கும் பொருளைத் தேடிப்போய், அது செலேனியம்தான் என்று கண்டார்கள். நஞ்சென்று ஒதுக்கிய பொருள் உணவு வரிசைக்கு வந்தது அப்போதுதான்.

சஸ்கச்சுவான் பருப்பை அளந்து பார்த்தவர்களில் இலங்கையிலிருந்து சென்ற தில் தவராஜாவின் பெயர் முன்னால் நிற்கிறது. இப்போது அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பருப்பு வகைகளின் போசணையை ஆராய்பவர். 2008இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையின்படி, சஸ்கச்சுவானில் விளைந்த பருப்பில் கிலோவுக்கு 425 முதல் 673 மைக்ரோகிராம் வரை செலேனியம் இருந்தது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையானது 55 மைக்ரோகிராம். 100 கிராம் பருப்பு அதில் 77 முதல் 122 சதவீதத்தைக் கொடுத்துவிடும். பிறகு அவர்கள் வேறு நாட்டுப் பருப்புகளையும் அளந்தார்கள். சிரியாவில் 22, துருக்கியில் 47, அவுஸ்திரேலியாவில் 148, நேபாளத்தில் 180. ஒரே செடி, ஒரே நிறம், சட்டியில் ஒரே வாசம். உள்ளே இருப்பது மட்டும் வெவ்வேறு.

இந்த எண்களை நம் தட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் விஷயம் உறைக்கிறது. ஒருவர் ஒரு நேரச் சோற்றோடு சாப்பிடும் பருப்புக்கறியில் காய்ந்த பருப்பு 30 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சஸ்கச்சுவான் பருப்பானால் 13 முதல் 20 மைக்ரோகிராம், அதாவது நாள் தேவையில் ஏறக்குறைய கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. துருக்கிப் பருப்பானால் ஒன்றரை மைக்ரோகிராம்கூட இல்லை. இறைச்சியும் மீனும் தினம் வாங்கக்கூடிய வீட்டுக்கு இது பெரிய வித்தியாசமில்லை. மாதக் கடைசியில் சோறும் பருப்பும் சம்பலுமாக ஓட்டும் வீட்டுக்கு இதுதான் முழுக்கணக்கு.

கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலனை இறக்குகிறது. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் மொத்த வியாபாரிகளின் களஞ்சியங்களுக்கு முன்னால் நாட்டாமிமார் முதுகில் சாக்கு மடித்துப் போட்டு மூட்டை சுமக்கிறார்கள். அங்கிருந்து கைவண்டியிலும் சிறிய லொறியிலும் டெக்னிக்கல் சந்தியைக் கடந்து மருதானைக்கு வந்துவிடும். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே சோற்றுக் கடைகள். காலை பதினொரு மணிக்கே பெரிய அலுமினியச் சட்டியில் பருப்பு கொதிக்கும். மஞ்சள், பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், ரம்பை. பருப்பு மலர்ந்து கரையும் தறுவாயில் தேங்காய்ப்பால். பிறகு கடுகும் கறிவேப்பிலையும் செத்தல்மிளகாயும் தாளித்து மேலே கொட்டினால் அந்தச் சீறல் வீதிக்குக் கேட்கும். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று மருதானையில் எந்த வீட்டு அடுப்பிலும் இருக்கும் ஒரே கறி இதுதான். புகையிரதத்தில் வந்திறங்கும் தொழிலாளியும், பெரியாஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்க வந்தவரும் அதே பருப்பைத்தான் பிசைந்து சாப்பிடுகிறார்கள்.

பருப்புக்குக் கீழே இருக்கும் சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயம் நெடுங்காலமாகக் கழுத்துக் கழலைக்குப் பெயர்போனது. 1980களின் பிற்பகுதியில் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தது. கொழும்புக்குத் தெற்கே ஒட்டிக் கிடக்கும் களுத்துறையில் அது 30.2. அயடீன் பற்றாக்குறையே காரணம் என்று கொண்டு, 1995இல் சமையல் உப்புக்கு அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். நல்ல வேலை, தேவையான வேலை. ஆனாலும் கழலை எதிர்பார்த்தபடி ஒழிந்துபோகவில்லை.

அப்போதுதான் பிரித்தானியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த பியோனா போர்டைசும், பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் பேராசிரியர் சி. பி. திசாநாயக்கவும் அவர்களுடைய சகாக்களும் 15 கிராமங்களைத் தெரிந்தெடுத்தார்கள். மண், அரிசி, குடிதண்ணீர் மூன்றையும் சேகரித்தார்கள். அந்த ஊர்ப் பெண்களின் தலைமயிரில் கொஞ்சம் கேட்டு வாங்கினார்கள். உடம்பில் எவ்வளவு செலேனியம் இருக்கிறது என்பதை மயிர் காட்டிக்கொடுக்கும். 2000இல் முடிவு வெளியானது. கழலை குறைவான கிராமங்களிலும் நடுத்தரமான கிராமங்களிலும் 24 சதவீதப் பெண்களுக்குச் செலேனியம் போதாமல் இருக்கலாம். கழலை மிகுந்த கிராமங்களில் 40 சதவீதம். இலங்கையில் எவரும் அதுவரை இதை அளந்ததே இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. கழலை மிகுந்த கிராமங்களின் மண்ணில்தான் செலேனியமும் அயடீனும் அதிகம்! அங்குள்ள களியும் இலைமக்கும் அவற்றை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. மண்ணில் இருப்பது நெல்லுக்குக் கிடைப்பதில்லை. அந்தச் சோற்றைச் சாப்பிடும் உடம்புக்கு, அக்கரையிலிருந்து வரும் பருப்பிலுள்ள அணுவே துணை.

கழலைக்கும் இந்த அணுவுக்கும் உறவு என்ன? தைரொயிட் சுரப்பி செய்யும் தைரொக்சின் என்ற ஓமோனில் நான்கு அயடீன் அணுக்கள் உண்டு. அது பெரும்பாலும் கையிருப்பு. நான்கில் குறித்த ஒன்றைக் கழற்றி மூன்றாக்கினால்தான் உடம்பின் கலங்களில் அது முழு வீச்சோடு வேலை செய்யும். கழற்றும் நொதியத்தின் மையத்தில் இருப்பது ஒரு செலேனியம் அணு. ஓமோன் செய்யும்போது சுரப்பிக்குள் உண்டாகும் ஐதரசன் பேரொட்சைட்டு கலங்களை எரித்துவிடாமல் காப்பதும் செலேனிய நொதியங்களே. உடம்பின் உறுப்புகளில் நிறைக்கு நிறை அதிகம் செலேனியம் வைத்திருப்பது தைரொயிட்தான்.

ஆனால் பருப்பிலிருந்து வந்த அணு நேரே போய் அந்த மையத்தில் உட்கார முடியாது. குடல் உறிஞ்சிய செலேனோமெதியோனைனை ஈரல் உடைத்து, அணுவைத் தனியே பிரித்தெடுத்து, பொசுபேற்றோடு கட்டி வைக்கிறது. பிறகு அது இருபத்தோராவது அமினோ அமிலமான செலேனோசிஸ்டீனின் பகுதியாக வேண்டும். அந்த அமினோ அமிலம் புரதத்துக்குள் நுழையும் வழிதான் இந்தப் பயணத்திலேயே கடினமான கட்டம். அந்த வழியைக் கண்டுபிடிக்க ஒருவருடைய ஆயுளின் பெரும்பகுதி போயிற்று.

டொல்ப் ஹற்பீல்ட் அமெரிக்காவின் பெதெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவகத்தில் ஆர்.என்.ஏ.யை ஆராய்ந்த மூலக்கூற்று உயிரியலாளர். அவர் தொடங்கிய காலத்தில் மரபுக் குறியீட்டின் அகராதி அப்போதுதான் முடிந்திருந்தது. ஆர்.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளை மும்மூன்றாக அடுக்கினால் 64 சொற்கள். 61 சொற்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிப்பன. மிச்சம் மூன்றும் ‘புரதம் முடிந்தது, நிறுத்து’ என்பன. யு.ஜி.ஏ. அந்த மூன்றில் ஒன்று. நிறுத்தச் சொல்லும் சொல்லுக்கு அமினோ அமிலம் சுமந்து வரும் ஆர்.என்.ஏ. இருக்கக்கூடாது, பாடநூல் அப்படித்தான் சொன்னது. ஹற்பீல்டும் பிராங்க்ளின் போர்த்துக்கலும் பாலூட்டிகளின் ஈரலிலிருந்து காவும் ஆர்.என்.ஏ.க்களைப் பிரித்து, எது எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். செரீன் என்ற அமினோ அமிலத்தைச் சுமந்த ஒரு சிறு கூட்டம் யு.ஜி.ஏ.யோடு ஒட்டியது. 1970இல் அதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். இது எதற்கு என்று அப்போது எவராலும் சொல்ல முடியவில்லை.

அதே ஆண்டு, அதே ஆய்விதழில், இன்னொரு குழு ஈரலில் பொசுபேற்று ஏறிய செரீனைச் சுமக்கும் காவும் ஆர்.என்.ஏ. ஒன்றைக் கண்டதாக எழுதியது. இரண்டும் ஒரே பொருள். அது தெரிய இன்னும் வெகுகாலம் இருந்தது.

ஹற்பீல்ட் அந்த ஆர்.என்.ஏ.யைக் கைவிடவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். விளக்கமில்லாத ஒரு கண்டுபிடிப்போடு பத்தொன்பது வருடம் இருப்பது எளிதல்ல. அதே நிறுவக வளாகத்தில் இன்னொரு கட்டடத்தில் திரெசா ஸ்ராட்மன் என்ற உயிர்இரசாயனவியலாளர் ஒட்சிசன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்களின் நொதியங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். 1976இல் அவருடைய குழு அத்தகைய ஒரு நொதியத்துக்குள் செலேனோசிஸ்டீன் இருப்பதை நிறுவியது. பத்து வருடம் கழித்து, 1986இல், இரண்டு இடங்களில் ஒரே அதிசயம் தெரிந்தது. பிரித்தானியாவில் எலியின் நொதிய மரபணுவிலும், மியூனிக்கில் ஓகஸ்ட் பொக்கின் ஆய்வுகூடத்தில் பக்றீரியாவின் மரபணுவிலும், செலேனியம் இருக்க வேண்டிய இடத்துக்கு நேரே, நட்டநடுவில், யு.ஜி.ஏ.க்குரிய எழுத்துகள் இருந்தன. நிறுத்தச் சொல்லும் சொல்லே செலேனியத்துக்கும் சொல். 1989இல் ஹற்பீல்டும் ஸ்ராட்மனும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், 1970இல் கண்ட அந்தக் காவும் ஆர்.என்.ஏ. செலேனோசிஸ்டீனைச் சுமப்பது நிரூபணமாயிற்று.

செரீன் எப்படிச் செலேனோசிஸ்டீன் ஆகிறது? காவும் ஆர்.என்.ஏ.யின் மேலேயே! முதலில் செரீன் ஏறுகிறது. ஒரு நொதியம் அதில் பொசுபேற்றைச் சேர்க்கிறது. ஹற்பீல்டின் குழு அந்த நொதியத்தை 2004இல் கண்டது. 1970இன் மற்றக் கட்டுரை சொன்ன ‘பொசுபேற்று ஏறிய செரீன்’ இந்த இடைநிலைதான் என்பது முப்பத்துநான்கு வருடத்துக்குப் பிறகு உறுதியாயிற்று. அடுத்த நொதியம் பொசுபேற்றை இறக்கிவிட்டு அதே இடத்தில் செலேனியத்தை வைக்கிறது. மற்ற இருபது அமினோ அமிலங்களும் பொதுவாக முழுதாகத் தயாராகித்தான் காவும் ஆர்.என்.ஏ.யில் ஏறும். இதுவோ ஏறிய பிறகே ஆக்கப்படுகிறது. அதன் காவும் ஆர்.என்.ஏ.யும் வழக்கத்தை மீறியது: மற்றவை 76 எழுத்தளவில் இருக்க, இது 90 எழுத்து நீளம். எலிக்கருவில் இதன் மரபணுவை நீக்கிப் பார்த்தவர்கள் உண்டு, கரு பிழைக்கவில்லை.

இன்னும் ஒரு சிக்கல் மிச்சம். ஒரு கலத்தின் ஆயிரக்கணக்கான புரதங்கள் யு.ஜி.ஏ.யில் முடிகின்றன. அங்கெல்லாம் செலேனோசிஸ்டீன் நுழைந்தால் எல்லாம் குழம்பும். எந்த யு.ஜி.ஏ. நிற்பதற்கு, எது போவதற்கு? விடை தைரொயிட் ஆய்விலிருந்தே வந்தது. பொஸ்ரனில் மார்லா பெரி, றீட் லார்சனின் ஆய்வுகூடத்தில், தைரொக்சினிலிருந்து அயடீன் கழற்றும் நொதியத்தின் மரபணுவைத் தேடிக்கொண்டிருந்தார். மரபணுவின் சேதியைக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.யை எலி ஈரலிலிருந்து எடுத்துத் தவளை முட்டைகளுக்குள் செலுத்தி, எந்த முட்டை அயடீனைக் கழற்றுகிறது என்று பார்க்கும் முறை. மரபணு கிடைத்தபோது அதன் 126ஆவது சொல் யு.ஜி.ஏ. அந்த நொதியம் செலேனியம் உடையது என்று 1991 தொடக்கத்தில் அறிவித்தார்கள். மரபணுவின் பின்பக்கத்தில், புரதத்துக்கு எந்தச் சேதியும் இல்லாத பகுதியை வெட்டிவிட்டால் நொதியம் உருவாகவே இல்லை என்பதையும் கண்டார்கள். யு.ஜி.ஏ. கடந்து ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு அப்பால், தூது ஆர்.என்.ஏ. தன்மேலே மடிந்து ஒரு கொண்டைபோல் நிற்கும் இடம் ஒன்று இருந்தது. அது இருந்தால் யு.ஜி.ஏ. செலேனியத்துக்கு வழிவிடும். இல்லாவிட்டால் நிறுத்தும். அதே ஆண்டு வெளியான இந்த இரண்டாவது கட்டுரையைத்தான் இந்தத் துறையின் மையம் என்பேன்.

மருதானை நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது புதிதாக இராது: சிவப்புச் சமிக்ஞை விழுந்திருக்கும், ஆனால் தூரத்திலிருக்கும் சமிக்ஞை அறையிலிருந்து அனுமதி வந்தால் குறித்த அந்த வண்டி மட்டும் கடந்து போகும். கொண்டை சமிக்ஞை அறையானால், அனுமதியைக் கொண்டுபோகும் ஆளும் வேண்டும். அந்த ஆள் ஒரு புரதம். டொனா டிரிஸ்கலும் போல் கோப்லண்டும் கிளீவ்லண்டில் அதை எலி விரைகளிலிருந்து பிரித்தெடுத்து, 2000இல் அதன் மரபணுவையும் கண்டார்கள்.

இவையெல்லாம் ஆய்வுகூட நுணுக்கம் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு 2005இன் ஒரு செய்தி. சவூதி அரேபியாவின் பெதுவீன் குடும்பமொன்றில் சில பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. இரத்தத்தில் தைரொக்சின் மிகுதி, அதிலிருந்து வரவேண்டிய வேலைக்குரிய ஓமோன் குறைவு. அயடீன் குறைவில்லை, சுரப்பியிலும் பழுதில்லை. சிக்காகோவின் அலெக்சாண்ட்ரா துமித்ரெஸ்குவும் சாமுவேல் றெபெற்றோவும் தேடிப்போய்க் கண்டது, அந்த அனுமதி கொண்டுபோகும் புரதத்தின் மரபணுவில் ஒரு மாற்றம். அணு இரத்தத்தில் இருந்தும் தன் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பிள்ளையின் உயரத்தில் அது தெரிந்தது.

மனித மரபணுத்தொகுதி முழுவதிலும் அந்தக் கொண்டை வடிவத்தைக் கணினியால் தேடியபோது, 2003இல், 25 செலேனிய மரபணுக்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுதான் ஈரல் செய்து இரத்தத்தில் அனுப்பும் சுமைகாவிப் புரதம். அதன் தூது ஆர்.என்.ஏ.யில் பத்து யு.ஜி.ஏ. பத்து முறையும் சிவப்பைக் கடந்து, பத்து அணுக்களைச் சுமந்து அது மற்ற உறுப்புகளுக்குப் போகிறது. பஞ்சிகாவத்தையில் மத்தியானம் சாப்பிட்ட பருப்பின் அணு இப்படித்தான் ஈரலை விட்டு வெளியேறுகிறது.

இந்த வரலாற்றில் ஒரு தமிழரின் பெயரும் உண்டு. கோவிந்தசாமி முகேஷ் தமிழ்நாட்டில் படித்து, பம்பாய் ஐ.ஐ.ரி.யில் முனைவர் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் பேராசிரியராக இருப்பவர். 2012இல் பட்நாகர் பரிசும் 2019இல் இன்போசிஸ் பரிசும் பெற்றவர். அவர் கேட்ட கேள்வி நேரானது. இவ்வளவு பெரிய புரதம், ஆர்.என்.ஏ., கொண்டை எல்லாம் இல்லாமல், செலேனியம் அணு தனியே அயடீனைக் கழற்றுமா? நப்தலீன் வளையத்தின் மேல் செலேனியத்தை வைத்த சிறிய சேர்வை ஒன்றை அவருடைய குழு செய்தது. அது தைரொக்சினின் உள்வளையத்திலிருந்து அயடீனைக் கழற்றியது. 2010இல் அது வெளியானது. உடம்பு தைரொக்சினைச் செயலிழக்கச் செய்யும் வழி அதுவே. நொதியத்தின் வேலையில் அணுவின் பங்கு எவ்வளவு என்று கண்ணாடிக் குடுவையில் பிரித்துக் காட்டிய வேலை. பெதெஸ்டாவும் பொஸ்ரனும் ஆர்.என்.ஏ. பக்கமாக வந்த இடத்துக்கு, பெங்களூர் இரசாயனப் பக்கமாக வந்து சேர்ந்தது.

அப்படியானால் எல்லாருக்கும் செலேனியம் குளிசை கொடுத்துவிடலாமா என்றால், கூடாது. 1990களின் தொடக்கத்தில் அன்றைய சயீரின் வடபகுதியில் அயடீனும் செலேனியமும் ஒருங்கே குறைந்த மக்களுக்குச் செலேனியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் தைரொயிட் நிலை மேலும் தாழ்ந்தது. கழற்றும் நொதியம் வேகமெடுத்து, இருந்த சொற்பத் தைரொக்சினையும் செலவழித்துவிட்டது. முதலில் அயடீன், பிறகுதான் செலேனியம். இலங்கை 1995இல் உப்பில் தொடங்கியது அந்த வகையில் சரியான வரிசை. அளவு மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதைச் சீனாவின் என்ஷி மாவட்டம் 1960களின் தொடக்கத்தில் கண்டது. கிராமம் கிராமமாகத் தலைமயிரும் நகமும் உதிர்ந்தன. தேவைக்கும் மிகைக்கும் இடையிலான தூரம் இந்த மூலகத்தில் குறுகியது. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் மேல் எல்லை.

பின்லாந்து வேறு வழியில் போனது. பனிநாட்டு மண்ணில் செலேனியம் போதாது என்று அறிந்து, நாடு முழுவதுக்குமான உரத்தில் அதைச் சேர்க்க 1984இல் தீர்மானித்தார்கள். தானியத்திலும் பாலிலும் இறைச்சியிலும் அது ஏறியது. மக்களின் இரத்தத்திலும் ஏறியது. இன்றுவரை ஆண்டாண்டாக அளந்து, உரத்தில் கூட்டிக் குறைக்கிறார்கள். நான் பொறாமைப்படுவது உரத்தைப் பார்த்தல்ல, அந்த அளவீட்டைப் பார்த்து. துறைமுகத்தில் இறங்கும் பருப்பை, எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற விபரத்தோடு, வருடத்துக்கு ஒருமுறையாவது அளக்க இந்த நாட்டில் ஆட்களும் கருவிகளும் உண்டு. மருதானையிலிருந்து பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு பஸ்ஸில் சில நிமிடம். டொலர் ஏறி, மலிவான நாட்டுப் பருப்புக்கு வியாபாரிகள் மாறும் காலத்தில், ஏழைவீட்டுத் தட்டிலிருந்து ஒரு மூலகம் சத்தமில்லாமல் குறையக்கூடும். அளக்காவிட்டால் அது எவருக்கும் தெரியவராது.

கலத்துக்குள் போன அணு அங்கேயே தங்கிவிடுவதில்லை. நொதியம் பழசானால் கலம் அதை உடைக்கும். அணு மறுபடி ஈரலுக்குப் போகும். ஈரல் மிகுதியைச் சர்க்கரையோடு கட்டிச் சிறுநீரில் அனுப்பும். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீண்டு முடிகின்றன. கடலில் நுண்தாவரங்கள் அதை எடுத்துக்கொள்ளும். நெத்தலி அவற்றின் வழியாக எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆவியாகிக் காற்றில் ஏறி மழையோடு நிலத்துக்குத் திரும்பும். ஈரவலய மண்ணில் செலேனியம் இருந்தும் நெல்லுக்குக் கிடைக்காமல் களியில் பிடிபட்டிருப்பதை அந்த 15 கிராமங்கள் ஏற்கெனவே காட்டின. அந்த ஆய்வு 2000இல் இன்னொரு சந்தேகத்தையும் எழுப்பியது. கழலை மிகுந்த கிராமங்களும் சிவப்பரிசி விளையும் பகுதிகளும் ஒன்றாக இருக்கின்றன. பிறநாட்டுச் சிவப்பரிசியில் உள்ள நிறப்பொருள்கள் வேறு உணவுகளில் தைரொயிட்டைத் தடுப்பவை; நம் சிவப்பரிசியும் அப்படிச் செய்கிறதா? விடை இரு பக்கமும் போகலாம். சிவப்பரிசி நாம் விரும்பிச் சாப்பிடுவது, நீரிழிவுக்காரருக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுப்பது. பேராதனையிலோ கொழும்பிலோ ஓர் இளம் ஆய்வாளர் அந்தக் கேள்வியைக் கையிலெடுக்க வேண்டும். களி பிடித்து வைத்திருப்பதையும் மீறி எந்த நெல்லினம் கூடுதலாகச் செலேனியத்தை எடுக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கலாம். களுத்துறையில் வயல் இருக்கிறது, பத்தலகொடையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முதல் வேலையாக, அந்த 15 கிராமங்களுக்கு மறுபடி போய், அயடீன் உப்போடு வளர்ந்த பெண்பிள்ளைகளின் தலைமயிரில் கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டும்.